வடக்குக் கோபுரத்தடியில் ஒரு ரோமாபுரி

எங்கள் ஊர் அண்ணாமலையார் கோயிலின் பே கோபுரத்தின் உயரம் 144 அடி. ரோம் நகரத்துப் பாந்தியன் கோயிலுக்குள் நின்று அண்ணாந்து பார்த்தால், தரையிலிருந்து குவிமாடத்தின் உச்சித் துளை வரை 43.3 மீட்டர். அதை அடியாக மாற்றினால் 142. இரண்டே அடி வித்தியாசம்! தெற்கு வாசலில் இருக்கும் திருமஞ்சன கோபுரம் 157 அடி. தெற்குப் பிரான்சில் கார்டோன் ஆற்றின் மேல் ரோமானியர் கட்டிய போன் து கார் நீர்ப்பாலம் ஏறக்குறைய 49 மீட்டர். அதுவும் திருமஞ்சன கோபுரமும் தோளோடு தோள் நிற்கும். ராஜகோபுரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 217 அடி. பாந்தியனை உள்ளே வைத்து மேலே இன்னும் ஒரு பாதிப் பாந்தியனையும் அடுக்கலாம்.

திருவண்ணாமலையிலேயே பிறந்து, மாட வீதிகளில் சைக்கிள் ஓட்டி வளர்ந்தவன் நான். கோபுரத்தைத் தினமும் பார்ப்பவனுக்கு அதன் உயரம் ஒரு கணக்காகத் தோன்றுவதே இல்லை. அது அங்கே இருக்கிறது, அவ்வளவுதான். அதை அளவாகப் பார்க்கவும், ரோமானியர் கட்டியவற்றோடு பக்கத்தில் நிறுத்திப் பார்க்கவும் எனக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் முகம் தெரியாத மாடர்கள். பழைய கம்ப்யூட்டர் வியூக விளையாட்டுகளைப் பிரித்து, உள்ளே இருக்கும் பிழைகளைத் திருத்தி, விட்டுப்போனதைச் சேர்த்து, மறுபடி பூட்டி ஊருக்கெல்லாம் இலவசமாகக் கொடுக்கிறார்களே, அவர்கள்தாம். அப்படி அவர்கள் செய்து தருவதற்குப் பெயர்தான் மாட். கட்டடக்கலை பற்றி நான் படித்த எந்தப் பாடப் புத்தகத்தையும்விட இந்த மாட்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

எல்லாம் சீசர் 3 விளையாட்டில் தொடங்கியது. 1998இல் வந்தது. ரோமானிய மாகாணம் ஒன்றின் ஆளுநராக இருந்து நகரம் கட்ட வேண்டும். தேரடித் தெருப் பக்கம் அப்போது இருந்த பிரவுசிங் சென்டர் ஒன்றில், பின்வரிசைக் கம்ப்யூட்டரில் யாரோ ஏற்றி வைத்திருந்தார்கள். துப்பாக்கி விளையாட்டுக்குத்தான் கூட்டம் முண்டியடிக்கும். எனக்கோ இதில் தண்ணீர் ஓடும் அழகே போதுமானதாக இருந்தது. ஆற்றோரம் ஒரு நீர்த்தேக்கம் வைக்க வேண்டும். அதிலிருந்து வளைவு வளைவாக நீர்ப்பாலம் இழுத்து ஊருக்குள் இன்னொரு தேக்கத்தில் சேர்க்க வேண்டும். அதைச் சுற்றித்தான் பொதுக் குழாயடிகள். பாலம் முழுமையாக இணைந்த நொடியில் காய்ந்த வாய்க்காலில் நீல நிறம் படரும். குழாயடி துள்ளும். கூடாரமாக இருந்த வீடுகள் ஒவ்வொன்றாகக் குடிசையாகி, ஓட்டு வீடாகி, மாடி வீடாகி உயரும். ஒரு நகரத்தின் தலையெழுத்தே தண்ணீரில்தான் இருக்கிறது என்பதை அதைவிடத் தெளிவாக யாரும் எனக்குக் காட்டியதில்லை.

அந்த விளையாட்டில் இன்னொன்றும் உண்டு. இஞ்சினியர் தெருத் தெருவாக நடந்துகொண்டே இருக்க வேண்டும். அவர் வராத தெருவில் கட்டடம் ஒருநாள் இடிந்து விழும். கட்டினால் போதாது, பராமரிக்க ஆள் வேண்டும். இது விளையாட்டுக்காரர்கள் இட்டுக்கட்டியது இல்லை. கி.பி. 97இல் ரோம் நகரத்தின் தண்ணீர் நிர்வாகியாகப் பொறுப்பேற்ற ஃப்ரான்டினஸ் தன் நூலில் கணக்கு எழுதி வைத்திருக்கிறார்: நீர்ப்பாலங்களைப் பராமரிக்க இரண்டு குழுக்கள், 240 பேரும் 460 பேருமாக மொத்தம் 700 அடிமைகள். எந்த வாய்க்கால் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு தூரம் மண்ணுக்கடியில் போகிறது, எவ்வளவு தூரம் வளைவுகளின் மேல் போகிறது என்று அளந்து எழுதிய மனிதர் அவர். யார் யார் திருட்டுத்தனமாகக் குழாயில் துளை போட்டார்கள் என்றும் எழுதியிருக்கிறார். கோடைக்காலத்தில் முனிசிபல் குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சுவோரைப் பார்த்துப் பல்லைக் கடிக்கும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஃப்ரான்டினஸ் மிக நெருங்கிய சொந்தக்காரர்.

சீசர் 3 பழசாகிவிட்டது. புதிய கம்ப்யூட்டர்களில் ஓடத் தகராறு செய்தது, அகலத் திரையில் சரியாகத் தெரியவில்லை. அதை அப்படியே விட்டுவிட மனமில்லாத தன்னார்வலர்கள் அதன் இயக்கத்தையே முதலிலிருந்து எழுதினார்கள். ஜூலியஸ் என்று பெயர். மூல விளையாட்டு எப்படி நடந்துகொண்டதோ, அணுவளவும் மாறாமல் அப்படியே நடந்துகொள்ள வேண்டும் என்பது அவர்களுடைய விரதம். மூல நிரல் கையில் இல்லாமல், ஓடும் விளையாட்டை உற்றுப் பார்த்துப் பார்த்து அதே தர்க்கத்தை மறுபடி கட்டுவது எத்தகைய பொறுமை என்று யோசித்துப் பாருங்கள்! பிறகு அதிலிருந்து ஆகஸ்டஸ் கிளைத்தது. விளையாட்டில் இருந்திருக்க வேண்டும் என்று ரசிகர்கள் ஏங்கியதெல்லாம் அதில் வந்து சேர்ந்தது. மூலத்தில் நாற்சந்தி வந்தால் நம் ஆட்கள் இஷ்டத்துக்குத் திரும்பிப் போய்விடுவார்கள். அவர்களை மறிக்கக் கோட்டை வாசலை நடுத்தெருவில் கட்டிவைத்துச் சமாளிப்போம். ஆகஸ்டஸில் சாலைத் தடுப்பு வந்துவிட்டது. அன்று நான் அடைந்த நிம்மதியை என்னோடு அந்த விளையாட்டை ஆடியவர்களால்தான் புரிந்துகொள்ள முடியும்.

ஆகஸ்டஸ் மாட்டில் எனக்கு உயிர் பெருங்கோயில்களும் பாந்தியனும் கலங்கரை விளக்கமும்தான். மூலத்தில் ஒரு கட்டடத்தை அழுத்தி வைத்தால் பட்டென்று முளைத்து நிற்கும். இங்கே அப்படி இல்லை. பாந்தியன் கட்ட இடம் குறித்தால் அங்கே வெறும் தரைதான் தெரியும். சரக்கு வர வேண்டும், அதைச் சுமந்துவர ஆட்கள் வேண்டும், கட்டடக் கலைஞர் வந்து நிற்க வேண்டும். அடித்தளம், தூண்கள், கூரை என்று கட்டம் கட்டமாக எழும்பும். பளிங்குக்கல் தீர்ந்துபோனால் வேலை நின்றுவிடும். பாதியில் நிற்கும் தூண்களைப் பார்த்துக்கொண்டு, கல்சுரங்கத்திலிருந்து வண்டி வருமா என்று காத்திருக்க வேண்டும். பின்னர் வந்த பதிப்புகளில் மணல், கல், செங்கல், கான்கிரீட் என்று தனித்தனிச் சரக்குகளே வந்துவிட்டன. ஒரு பெரிய கட்டடம் என்றால் அதற்குப் பின்னால் எத்தனை வண்டிப் பாட்டைகள், எத்தனை சுமைகள், எத்தனை வேளைச் சோறு என்று அந்த மாட் கண்முன் கொண்டுவந்து நிறுத்துகிறது.

அதன் பிறகுதான் உண்மையான ரோமானிய நீர்ப்பாலங்களைத் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். விளையாட்டில் வாய்க்கால் இழுத்தால் தண்ணீர் பாயும். சரிவுக் கணக்கு கிடையாது. நிஜத்தில் எல்லாமே சரிவுதான்.

போன் து காரை எடுத்துக்கொள்ளுங்கள். உஸே என்ற ஊர்ப் பக்கத்து ஊற்றிலிருந்து நீம் நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுபோக வேண்டும். நேர்கோட்டில் போனால் 20 கிலோமீட்டர் சுமார். நடுவில் குன்றுகள். ஆகவே குன்றைச் சுற்றி வளைந்து வளைந்து 50 கிலோமீட்டர் வாய்க்கால். ஊற்றுக்கும் நகரத்துத் தொட்டிக்கும் உயர வித்தியாசம் 17 மீட்டர்தான்! சராசரியாக 3000 மீட்டர் போனால் ஒரு மீட்டர் இறக்கம். பாலத்தின் மேல் மட்டும் பார்த்தால், இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு இரண்டரை சென்டிமீட்டர் இறக்கம். என் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் கூடுதல். கொஞ்சம் அதிகமாகச் சரித்தால் தண்ணீர் வாய்க்காலை அரித்துவிடும், நகரத்தை அடையும்போது உயரமும் போதாது. கொஞ்சம் குறைத்தால் தேங்கி நின்றுவிடும். மோட்டார் இல்லை, லேசர் இல்லை, கண்ணாடிக் குழாய் மட்டம்கூட இல்லை. 20 அடி நீள மரப் பலகை மேசை ஒன்று, அதில் தொங்கும் தூக்குக் குண்டுகள், காற்றடித்தால் குண்டு ஆடும் என்பதால் மேசை மேல் தண்ணீர் ஊற்றிப் பார்க்க ஒரு குழி. கோரோபாட்டீஸ் என்ற அந்தக் கருவியை ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் தன் நூலில் விவரித்திருக்கிறார். நம் கொத்தனார்கள் தூக்குக் குண்டு போட்டுச் சுவர் பார்ப்பதைத் தினம் பார்க்கிறோமே, அதே தூக்குக் குண்டுதான்!

அந்தப் பாலத்தின் கற்களில் சில 6 டன் எடை வரும். பெரும்பாலும் சாந்தே இல்லாமல் அடுக்கியிருக்கிறார்கள். எந்தக் கல் எந்த வளைவில் எத்தனையாவது இடம் என்று கல்லிலேயே குறி வெட்டியிருக்கிறார்கள், இன்றும் படிக்கலாம். சாரம் தாங்குவதற்காக நீட்டிவிட்ட கற்களை வேலை முடிந்த பிறகும் செதுக்கி எடுக்கவில்லை. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய சாரம் எங்கே நின்றது என்று இன்றைக்குப் போனாலும் விரல் வைத்துக் காட்டலாம். தண்ணீர் ஊற்றிலிருந்து நகரத்துக்கு வந்துசேர ஒரு நாளுக்கும் மேல் ஆகும். நாளொன்றுக்கு நாலு கோடி லிட்டர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

எங்கள் ஊருக்குக் குடிநீர் சாத்தனூர் அணையிலிருந்து வருகிறது. தென்பெண்ணையின் குறுக்கே 1958இல் கட்டி முடித்த அணை, 119 அடி. ஊருக்கு 30 கிலோமீட்டர் சுமார். பம்புகள் உழைத்து ஏற்றி அனுப்புகின்றன. கரண்ட் போனால் எங்கள் தெருவில் முதலில் கேட்கும் கேள்வி தண்ணீரைப் பற்றித்தான். நீம் நகரத்தார் அதைப் போல ஒன்றரை மடங்குக்கும் அதிகமான தூரத்தை வெறும் சரிவை வைத்துக் கடந்தார்கள். இது தெரிந்த பிறகு கிரிவலப் பாதையில் நடக்கும்போது என் கண் சாமி பார்ப்பதோடு நிற்பதில்லை. மலையிலிருந்து ஓடைகள் எந்தப் பக்கம் இறங்குகின்றன, எந்தக் குளத்தை எந்த ஓடை நிரப்புகிறது, ஒரு குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் எங்கே போகும் என்று பார்க்கிறேன். மழை பெய்த மறுநாள் மலையடிவாரத்தில் நடந்து பாருங்கள். பதினான்கு கிலோமீட்டர் சுற்றும் ஒரு நீர்க் கணக்கு. சமுத்திரம் ஏரியின் மதகையும் கலிங்கையும் பார்த்துவிட்டு வாருங்கள். நம்மவர்களும் சரிவை விரல் நுனியில் வைத்திருந்தவர்கள்தாம்.

இனி ரோம்: டோட்டல் வார். 2004இல் வந்த படையெடுப்பு விளையாட்டு. அதன் உள்ளே இருப்பதெல்லாம் சாதாரண எழுத்துக் கோப்புகள். கட்டடங்களுக்கு ஒன்று, படைவீரர்களுக்கு ஒன்று, ஊர்களுக்கும் அரசர்களுக்கும் ஒன்று. நோட்பேடில் திறக்கலாம். முதன்முதலாகக் கட்டடக் கோப்பைத் திறந்து பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. சாக்கடை, பொதுக் குளியலறை, நீர்ப்பாலம், நகரக் குழாய் அமைப்பு என்று படிப்படியாக ஒரு வரிசை. ஒவ்வொன்றுக்கும் எதிரே மக்கள் உடல்நலத்துக்கு எத்தனை புள்ளி கூட்டுவது என்று ஓர் எண். போன் து காரின் இத்தனை அதிசயமும் அந்தக் கோப்பில் ஒற்றை எண். எண்ணை மாற்றிச் சேமித்து விளையாட்டைத் திறந்தால் நகரம் மாறியிருக்கும். அன்றைக்கு எனக்கு வாசல் திறந்தது.

ஆனால் என் சின்னத் திருத்தமெல்லாம் எந்த மூலைக்கு? யூரோப்பா பார்பரோரம் என்ற மாட்டைச் செய்தவர்களைப் பாருங்கள். மூல விளையாட்டில் ரோமை மூன்று குடும்பங்களாகப் பிரித்து, தனியே ஒரு செனட்டையும் வைத்திருந்தார்கள். கிரேக்க டாலமி வம்சம் ஆண்ட எகிப்துக்கு அதற்கு ஆயிரம் ஆண்டு முந்தைய ஃபாரோ காலத்து வேடம் போட்டிருந்தார்கள். வரலாறு தெரிந்த ரசிகர்களுக்கு இது பொறுக்கவில்லை. ஒன்றுகூடி விளையாட்டையே புதிதாக எழுதினார்கள். ஆட்டம் கி.மு. 272இல் தொடங்குகிறது. ரோம் ஒரே அரசு. ஒவ்வொரு நாட்டுப் படைக்கும் அதன் சொந்த மொழியிலேயே பெயர். ரோமானிய வீரன் லத்தீனில் பேசுவான், கிரேக்கன் கிரேக்கத்தில் பேசுவான், கெல்ட் இனத்தான் அறிஞர்கள் மீட்டெடுத்த அவன் பழைய மொழியில் பேசுவான். ஒரு கட்டடத்தின் மேல் சுட்டியை வைத்து அழுத்தினால் அதன் வரலாறு பத்தி பத்தியாக விரியும். போர் நடந்துகொண்டிருக்கும்போது யார் இதைப் படிக்கப் போகிறார்கள்? நான் படித்தேன். பௌர்ணமி வந்தால் லட்சக்கணக்கானோர் கிரிவலம் வருவார்கள், எங்கள் தெருவில் நெட் நகராது. அன்றெல்லாம் புதிதாக எதையும் இறக்க முடியாமல் அந்தப் பத்திகளைத்தான் ராத்திரி முழுக்க மேய்ந்திருக்கிறேன். ஒரு பைசா வாங்காமல் அவர்கள் எழுதியவை அவை. விற்பனைக்கு வந்த மூல விளையாட்டைவிட மாட் உயர்ந்தது என்று நான் துணிந்து சொல்லும் ஒன்று இருக்குமானால் அது யூரோப்பா பார்பரோரம்தான்.

கான்கிரீட்டைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். பாந்தியன் குவிமாடம் கம்பி கட்டாத வெறும் கான்கிரீட். உலகத்தில் அந்த வகையில் இன்றைக்கும் அதுதான் பெரியது. கி.பி. 2ஆம் நூற்றாண்டு தொட்டு நின்றுகொண்டிருக்கிறது. சுண்ணாம்போடு எரிமலைச் சாம்பல் கலந்தார்கள். அடியில் கனமான கல், மேலே போகப் போக லேசான நுரைக்கல். 2023இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் பழைய ரோமானியக் கான்கிரீட்டில் இருக்கும் வெள்ளை வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டிகளை ஆராய்ந்தார்கள். சரியாகக் கலக்காததால் தங்கிவிட்டவை என்று அதுவரை நினைத்திருந்த கட்டிகள் அவை. சுட்ட சுண்ணாம்பை நீற்றாமல் சூட்டோடு கலந்ததால் வந்தவை என்றும், விரிசல் விட்டுத் தண்ணீர் இறங்கினால் அந்தக் கட்டியே கரைந்து விரிசலை அடைக்கிறது என்றும் காட்டினார்கள். தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொள்ளும் சுவர்!

2017 பிப்ரவரியில் அண்ணாமலையார் கோயில் குடமுழுக்கு. அதற்கு முன்பு கோபுரங்களைச் சுற்றிச் சாரம் கட்டியிருந்தார்கள். சுதை வேலை தெரிந்த பெரியவர் ஒருவர் டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

"ஐயா, அந்தக் காலத்துல சுண்ணாம்ப எப்படிக் கலந்தாங்க?"

"நீத்துன உடனே எடுத்துப் பூசிட முடியாது தம்பி. ஊறப் போடணும். புளிக்கணும். அப்புறம் மணல் சேத்துச் செக்குல போட்டு அரைக்கணும். கடுக்கா ஊறவெச்ச தண்ணி, வெல்லத் தண்ணி ஊத்தி அரைப்பாங்க. வெண்ணெ மாதிரி வரணும். கைல எடுத்தா ஒட்டக் கூடாது."

"எத்தன நாள் ஊறணும்?"

"எவ்ளோ நாள் விடுறமோ அவ்ளோ நல்லது. எங்க தாத்தா குழி வெட்டி மூடி வெச்சிருவாரு. அடுத்த வருஷத்து வேலைக்கு இந்த வருஷமே."

வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தால், மூன்று ஆண்டுக்குக் குறைந்த சுண்ணாம்பைக் காண்டிராக்டர் பயன்படுத்தக் கூடாது என்று பழைய ரோமானியக் கட்டட விதி இருந்ததாக ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். டீக்கடைப் பெரியவரும் பிளினியும் ஒரே பேச்சைப் பேசுகிறார்கள்! எரிமலைச் சாம்பல் நம்மிடம் இல்லை. செங்கல் தூள் இருந்தது. தண்ணீர்த் தொட்டிக்கும் வாய்க்காலுக்கும் ரோமானியர் பூசியது ஓட்டுத்தூள் கலந்த சுண்ணாம்புதான். நம் கோபுரங்கள் கீழே கருங்கல், மேலே செங்கலும் சுதையும். எடை கீழே, லேசு மேலே. பாந்தியனைக் கட்டியவர்களின் யோசனையும் இதுவே. வளைவு மட்டும் நம்மவர்கள் கோயிலுக்குள் அதிகம் கொண்டுவரவில்லை. தூணும் உத்தரமுமாகவே ஆயிரங்கால் மண்டபம் வரை போய்விட்டார்கள். ஸ்பெயினில் செகோவியா நகரத்து நீர்ப்பாலம் சாந்தில்லாத கருங்கல். அந்தப் படத்தையும் ஆயிரங்கால் மண்டபத்தையும் ஒன்றாகப் பார்க்கும்போது, கருங்கல்லின் எடையை நம்பிய இரண்டு கூட்டத்தார் உலகின் இரண்டு கோடியில் இருந்திருக்கிறார்கள் என்று தோன்றும்.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

இம்பரேட்டர்: ரோம் என்று ஒரு விளையாட்டு 2019இல் வந்தது. அதன் வரைபடம் பிரிட்டனிலிருந்து இந்தியா வரை விரிகிறது. முதல் நாள் வரைபடத்தைத் தெற்கே இழுத்துக்கொண்டே வந்தேன். சோழர் இருந்தார்கள், பாண்டியர் இருந்தார்கள், சேரர் இருந்தார்கள்! ரோமோடு விளையாடும் அதே ஆட்டத்தில் உறையூரையும் விளையாடலாம். படைகள் நடந்துபோகும்போதே பின்னால் சாலை போட்டுக்கொண்டு போகும். கி.மு. 312இல் அப்பியஸ் கிளாடியஸ் போட்ட அப்பியன் சாலை இன்றும் ரோம் பக்கத்தில் கல் பாவிக் கிடக்கிறதே, அந்த மரபு அது. நகரங்களில் நீர்ப்பாலம் கட்டினால் கூடுதல் மக்கள் குடியேறலாம். ஆனால் 2021இல் நிறுவனம் அதன் மேல் வேலை செய்வதை நிறுத்திக்கொண்டது. விற்பனை, லாபம், வேறு வேலைகள். விளையாட்டு பாதியில் நின்றது.

ரசிகர்கள் எடுத்துக்கொண்டார்கள். இன்விக்டஸ் என்ற மாட் பிறந்தது. நிறுவனம் விட்ட இடத்திலிருந்து இவர்கள் தொடர்ந்தார்கள். புதிய நாடுகள், புதிய வரலாற்று நிகழ்வுகள், வரைபடத் திருத்தங்கள் என்று பதிப்பு பதிப்பாக வெளியிட்டார்கள். இன்று அந்த விளையாட்டை ஆடுகிறவரைக் கேட்டால், இன்விக்டஸ் போட்டுக்கொள் என்பதுதான் முதல் அறிவுரை.

இதை யோசித்துக்கொண்டு ஒருநாள் வடக்குக் கோபுரத்தடியில் நின்றிருந்தேன். 171 அடி. அம்மணி அம்மன் கோபுரம். அதுவும் பாதியில் நின்ற கோபுரம்தான். மன்னர்கள் தொடங்கினார்கள், முடிக்கவில்லை. செங்கம் பக்கத்துச் சென்னசமுத்திரம் கிராமத்தில் பிறந்த அம்மணி அம்மாள் என்ற பெண் துறவி வீடு வீடாகப் போய்க் கையேந்திப் பணம் சேர்த்து அதைக் கட்டி முடித்தார். பணம் தீர்ந்தபோது வேலையாட்களுக்குத் திருநீற்றைக் கூலியாகக் கொடுத்ததாகவும், அது அவரவர் வேலைக்கேற்ற காசாக மாறியதாகவும் ஊர் சொல்லும். படை இல்லை, கருவூலம் இல்லை, பட்டம் இல்லை. கோபுரம் பாதியில் நிற்கிறதே என்ற பொறுக்க முடியாத தவிப்பு மட்டும் இருந்தது. கிருஷ்ணதேவராயர் தொடங்கிய ராஜகோபுரத்தை முடிக்கத் தஞ்சை சேவப்ப நாயக்கர் வந்தார், அவர் அரசர். இந்த அம்மாளுக்கு யார் இருந்தார்கள்? நால்திசைக் கோபுரங்களில் ராஜகோபுரத்துக்கு அடுத்த உயரம் அம்மணி அம்மாள் முடித்ததற்குத்தான். கோயிலின் நான்கு வாசல்களில் எது பெரிது என்று என்னைக் கேட்டால் நான் வடக்கைத்தான் காட்டுவேன்.

ஜூலியஸும் ஆகஸ்டஸும் யூரோப்பா பார்பரோரமும் இன்விக்டஸும் அந்த வாசல் வழியாக வந்தவை என்று நம்புகிறேன். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 விளையாட்டின் கதையும் அதேதான். 1999இல் வந்து, கவனிப்பாரற்றுப் போன விளையாட்டு. ரசிகர்கள் சிலர் ஃபர்காட்டன் எம்பயர்ஸ் என்று ஒரு மாட் செய்தார்கள். 2013இல் அதுவே அதிகாரபூர்வ விரிவாக்கமாக வந்தது. அந்தக் குழுவே பிறகு விளையாட்டை எடுத்து நடத்தியது. 2022 ஏப்ரலில் அவர்கள் வெளியிட்ட விரிவாக்கத்தில் திராவிடர் என்று தனி நாகரிகமும், ராஜேந்திர சோழன் படையெடுப்பும் வந்தன. உருமி வாள் சுழற்றும் வீரன் வந்தான். கிராமத்தானை அழுத்தினால் தமிழில் பதில் சொல்கிறான்! ஹெட்போனில் அதைக் கேட்டு அன்றிரவு நான் வேலையே வாங்காமல் அவனை அழுத்தி அழுத்திப் பேசவிட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த ஆண்டு அதே விளையாட்டுக்கு ரோமானியரும் வந்து சேர்ந்தார்கள். ரோமும் தமிழும் ஒரே களத்தில்.

களத்தில் என்ன, நிஜத்திலேயே ஒன்றாக இருந்தவர்கள்தானே! எங்கள் ஊரிலிருந்து செஞ்சி, திண்டிவனம் வழியாகப் புதுச்சேரி போனால் பக்கத்தில் அரிக்கமேடு. 1945இல் தொல்லியல் அறிஞர் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது இத்தாலியின் அரெட்டைன் மண்பாண்டங்களும் ஒயின் வந்த ஆம்போரா ஜாடிகளும் கிடைத்தன. எகிப்தின் செங்கடல் கரையில் பெரெனிகே துறைமுகத்தில் ஏழரைக் கிலோ மிளகு இந்தியப் பானையோடு கிடைத்தது. அங்கே தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த ஓடும் கிடைத்திருக்கிறது. சோழர் மண்டபத்தை அமைத்த கைவினைஞர்களில் யவனத் தச்சரையும் மணிமேகலை சேர்த்துச் சொல்கிறது. எங்கள் மாவட்டத்துச் செங்கத்தை ஆண்ட நன்னனைப் பாட மலைபடுகடாம் என்று ஒரு முழு நூலே இருக்கிறது. செங்கம் அருகே ஆண்டிப்பட்டியில் சேந்தன் என்ற பெயர் பொறித்த ஈயக் காசுகள் கிடைத்திருக்கின்றன. ஒரு மாடருக்கு இதைவிட என்ன வேண்டும்? நாடு இருக்கிறது, அரசன் இருக்கிறான், காசு இருக்கிறது, துறைமுகம் இருக்கிறது, தூரதேசத்துத் தச்சன்கூட இருக்கிறான்.

செய்ய ஆள்தான் வேண்டும். ஜீரோ ஏ.டி. என்று ஒரு விளையாட்டு. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸுக்கு மாட் செய்யப் புறப்பட்ட தன்னார்வலர்கள், அது போதாமல் தனி விளையாட்டாகவே வளர்த்தது. முழுக்க இலவசம். அதன் மூல நிரலும் திறந்தே கிடக்கிறது. ரோமானியர் இருக்கிறார்கள், மௌரியர் இருக்கிறார்கள். மூவேந்தர் இல்லை. நன்னனும் இல்லை. கட்டடங்களும் வீரர்களும் எக்ஸ்.எம்.எல். கோப்புகளில் எழுத்தாகவே இருக்கின்றன. படித்து, நகல் எடுத்து, பெயரையும் எண்ணையும் மாற்றிப் பார்க்கலாம். முப்பரிமாண உருவம் செய்ய பிளெண்டர் மென்பொருள், அதுவும் இலவசம். எங்கள் ஊரில் மட்டும் எத்தனை பொறியியல் மாணவர்கள், எத்தனை தமிழ் படித்தவர்கள்! ஒருவர் சங்க நூல்களைப் பார்த்துக் கட்டடங்களின் பட்டியல் எடுங்கள். ஒருவர் உருவம் செய்யுங்கள். ஒருவர் குரல் கொடுங்கள். சமுத்திரம் ஏரி போல ஒரு மதகு ஏரியை வைத்து, அது நிரம்பினால்தான் வயல் விளையும் என்று ஒரு விதி எழுதுங்கள். ரோமானியரின் நீர்ப்பாலத்துக்கு நம்முடைய பதில் அதுதான். திருவண்ணாமலைப் பக்கம் யாராவது இதில் இறங்குவதாக இருந்தால் முதல் ஆளாக என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கருங்கல் தூணுக்கும் சுதைக்கும் எத்தனை புள்ளி கொடுப்பது என்ற கணக்கை நான் ஏற்கனவே போட்டு வைத்திருக்கிறேன்.